டிவியை நம்பாத லைனில் ஒரு கொரோனாக் காலம்

டிவிக்காரன் பொய்தான் சொல்லுவான் என்பது எங்கள் பக்கத்தில் கொரோனா வருவதற்கு ரொம்ப முன்பே முடிவாகிவிட்ட விஷயம். கோத்தகிரியிலிருந்து கீழ்கோத்தகிரி போகும் வழியில், தேயிலைக்கு நடுவே இறங்கினால் வரும் தோட்ட லைன், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், எங்களுடையது. மழைக்காலம் வந்தால் நீலகிரியே துண்டிக்கப்பட்டுவிட்டது என்று திரையில் சிவப்பு எழுத்து ஓடும். அதே நேரத்தில் நாங்கள் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் நின்று பஜ்ஜி தின்றுகொண்டிருப்போம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது உண்மை. ஆனால் அவலாஞ்சி எந்த மூலையில் இருக்கிறது, கோத்தகிரி எந்த மூலையில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. திருப்பூரிலிருக்கும் சொந்தக்காரர்கள் பதறிப்போய் போன் செய்வார்கள். டிசம்பர் பிறந்தால் உறைபனிச் செய்தி. புல்லின்மேல் வெள்ளை, கையைத் தேய்த்துக்கொள்ளும் ஒரு சுற்றுலாப் பயணி, அவ்வளவுதான். பச்சைத் தேயிலை கிலோ என்ன விலைக்குப் போகிறது, அது கட்டுப்படியாகிறதா என்று கேட்க ஒரு மைக்கும் இந்தச் சரிவில் இறங்கி நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டுக்கு இன்னும் பழைய காரணம் ஒன்று உண்டு. 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட லட்சக்கணக்கானவர்களில் என் தாத்தாவும் அப்பாயியும் அடக்கம். எழுபதுகளில் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்தார்கள். இந்தியாவில் வீடு, நிலம், வேலை எல்லாம் தயாராக இருக்கிறது என்று அங்கே சொன்னார்களாம். இங்கே வந்து பார்த்தபோது என்ன இருந்தது என்பதை அப்பாயி இன்றைக்கும் ஒரு மணி நேரம் சொல்லுவார். 1983 கலவரத்தின்போது கொழும்பு வானொலி ஒன்று சொன்னது, அங்கே தங்கிவிட்ட தாத்தாவின் தம்பி எழுதிய கடிதம் வேறொன்று சொன்னது. அதற்கப்புறம் தாத்தா பிபிசி தமிழோசையை மட்டும்தான் நம்பினார். அப்பாவும் அப்படியே. 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு நின்றபோது, வீட்டில் ஒரு பெரியவர் போய்ச் சேர்ந்த மாதிரி அப்பா ஒரு வாரம் பேச்சுக் குறைந்து கிடந்தார்.

ஆக, 2020-ல் நோய் வந்தபோது எங்கள் வீட்டில் செய்திக்கு ஒரு நாதியும் இல்லை. டிவி இருந்தது. ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் நம்பவில்லை.

அப்பாயி எந்தச் செய்திக்கும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "அதச் சொல்றதுல அவனுக்கு என்ன கெடைக்குது?" பள்ளிக்கூடம் போகாத ஒருவர் வைத்திருக்கிற இந்த அளவுகோலை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள்கூட ஊடகத்தைப் பற்றி சுற்றிச் சுற்றி இதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்த இரண்டு வருடங்களில் இந்த அளவுகோல் எங்களை எங்கே காப்பாற்றியது, எங்கே கவிழ்த்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் கவிழ்த்த கதை.

லைனுக்கு மொபெட்டில் மீன் கொண்டுவருவார் ஒரு பாய். மேட்டுப்பாளையத்திலிருந்து சரக்கு ஏறும். வாரத்தில் சில நாள் வருவார். பாக்கி வைத்தால் கேட்க மாட்டார். 2020 மார்ச் கடைசியில் தப்லீக் ஜமாத்தின் டெல்லி மாநாட்டுச் செய்தி வெடித்தது. தமிழ்நாட்டில் தினமும் மாலையில் வரும் எண்ணிக்கையோடு அந்த மாநாட்டின் பெயரும் சேர்ந்தே வந்தது. சேனல்களில் அது நோய்ச் செய்தியாக இல்லை, திட்டமிட்ட சதி என்கிற தொனியில் ஓடியது. ஊரடங்கு தளர்ந்து பாய் மறுபடி வந்து ஹாரன் அடித்தபோது ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. டிவிக்காரன் பொய்யன் என்று ஆயிரம் தடவை சொன்ன அதே வாய்கள், "எதுக்கு வம்பு" என்று உள்ளே இருந்துவிட்டன. அவர் டெல்லி பக்கம் தலைவைத்தும் படுத்தவரில்லை. கோத்தகிரி சதுக்கத்தைத் தாண்டி எங்கே போகிறார் வருகிறார் என்பது முழு லைனுக்கும் தெரியும். தெரிந்தும் திறக்கவில்லை.

இதை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். நம்பாதவர்கள் எல்லாவற்றையும் நம்பாமல் இருப்பதில்லை. ஏற்கெனவே மனசுக்குள் ஓரமாய்க் கிடக்கும் பயத்துக்கு ஒத்து ஊதினால், பொய்யன் சொன்னதும் மெய்யாகிவிடுகிறது. அந்த வருடம் ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டினர் மேல் போட்ட வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்றே தீர்ப்பில் எழுதியது. ஊடகங்களின் பிரசாரத்தையும் கண்டித்தது. எந்தச் சேனல் அதை மாலை முழுக்க ஓட்டியது? பாய் அதற்குள் மீனை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

2020 ஏப்ரலில் சென்னையில் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் இறந்து, அவர் உடலை அடக்கம் செய்யக் கொண்டுபோன ஆம்புலன்ஸை ஒரு கூட்டம் கல்லாலும் கட்டையாலும் அடித்தது. புதைத்தால் காற்றில் பரவும் என்று யாரோ சொன்னதுதான் காரணம். உடன் வேலை பார்த்த டாக்டரே மண்வெட்டி பிடித்து மண்ணைத் தள்ளி அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. இதைக் கேட்டு அப்பாயி அழுதார். "வைத்தியம் பாத்தவனுக்கு இந்தக் கதியா" என்றார். அதை மட்டும் அவர் டிவியில் பார்த்து உடனே நம்பினார். பொய் சொல்லி இதில் யாருக்கு என்ன கிடைக்கப்போகிறது என்பது அவர் கணக்கு.

அளவுகோல் சரியாக வேலை செய்த இடங்களும் இருக்கின்றன. அரசாங்கமும் உலக நிறுவனங்களும் சொன்னது எல்லாம் கல்வெட்டாக நிற்கவில்லை. நோய் காற்றில் பரவாது என்று 2020 மார்ச் 28-ல் உலக சுகாதார நிறுவனம் அடித்துச் சொன்னது, பிறகு மெல்ல மெல்ல மாறியது. ஆரோக்கியமானவர்களுக்கு முகக்கவசம் தேவையில்லை என்றார்கள், ஜூன் மாதம் போடச் சொன்னார்கள். சென்னையின் சாவுக் கணக்கில் விடுபட்டிருந்த 444 மரணங்களை 2020 ஜூலை 22 அன்று ஒரே மூச்சில் சேர்த்தார்கள். கோவிஷீல்டு இரண்டாவது ஊசிக்கு முதலில் நாலு வாரம் என்றார்கள், அப்புறம் ஆறிலிருந்து எட்டு, 2021 மே மாதம் பன்னிரண்டிலிருந்து பதினாறு. பக்கத்து வீட்டு மாமா இதைக் கேட்டுச் சிரித்தார். "ஊசி இல்ல, இழுக்கறானுங்க." நாடு முழுக்க ஊசிக்குத் தட்டுப்பாடு இருந்ததும் உண்மை, இடைவெளி கூடினால் எதிர்ப்பு சக்தி நன்றாக வரும் என்று ஆய்வுகள் சொன்னதும் உண்மை. இரண்டையும் சேர்த்து வைத்து யாராவது நிதானமாகச் சொல்லியிருந்தால் மாமா கேட்டிருப்பார். எதிரெதிராக நாலு பேரை உட்காரவைத்துக் கத்தவிட்டால் எப்படிக் கேட்பார்?

இனி வாட்ஸ்அப். அப்பாயியின் கேள்வி இங்கே செல்லாது. திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் சின்ன அத்தை குரல் பதிவு அனுப்புகிறார். ராத்திரி வேலை முடித்துவிட்டு, தூக்கக் குரலில், "அண்ணி, எப்படியாவது பிள்ளைங்களுக்குக் குடுத்துருங்க" என்று ஒரு கஷாயக் குறிப்பு. இதில் அத்தைக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை. பாசம்தான். அதனால் அது உண்மை. அத்தையிடம் அதைச் சொன்னவர் யார், அவரிடம் சொன்னவர் யார் என்று கேட்க யாருக்கும் தோன்றாது. கேட்டால் அத்தையைச் சந்தேகப்படுவதாகிவிடும். கஷாயமாக இருந்தவரை பெரிய சேதமில்லை. கபசுரக் குடிநீரை அரசாங்கமே கொடுத்ததால், அதையும் இதையும் எல்லாரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தோம். ஆனால் அதே அத்தையின் குரலில், "ஆஸ்பத்திரிக்கு மட்டும் போயிராதீங்க, உள்ள போனா கிட்னிய எடுத்துட்டு மூட்டையாக் கட்டித்தான் குடுக்கறாங்களாம்" என்று வந்தபோது லைன் முழுக்க அது பதிந்துவிட்டது.

அப்படிப் பதிந்ததற்கு ஒரு நியாயமும் இருந்தது. நாலு வீடு தள்ளி இருந்த பெரியம்மாவுக்கு 2021 மே மாதம் மூச்சுத் திணறி, கீழே கோயமுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். அந்த மாதக் கடைசியில் கோவையின் தினசரி எண்ணிக்கை சென்னையையே தாண்டியிருந்தது. படுக்கை கிடைத்ததே பெரிது. மகனை வார்டுக்குள் விடவில்லை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ போன் வந்தது. உடல் மேலே வரவில்லை. போனில் வந்த ஒரு நிழற்படத்தில் முகத்தை மட்டும் பார்த்தோம். அதுவும் தெளிவாக இல்லை. பிறந்ததிலிருந்து சாவு வீட்டில் உடம்பைக் கழுவி, எண்ணெய் வைத்து, கோடி போட்டு அனுப்பிப் பழகிய ஜனம். கட்டின மூட்டைக்குள் இருப்பது நம்முடைய ஆள்தானா என்று கேட்டால் அதை அறியாமை என்று எப்படிச் சொல்வது? தொற்றுக்காகச் செய்த விதி அது, புரிகிறது. ஆனால் கண்ணால் பார்க்க விடாத இடத்தில் காது கேட்டதெல்லாம் நிஜமாகும்.

இதற்கு ஒரு மாதம் முன்புதான் விவேக் விஷயம். ஏப்ரல் 15-ஆம் தேதி, ஜனங்களுக்குப் பயம் போகட்டும் என்று கேமராக்களுக்கு முன்னால் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டார். 17-ஆம் தேதி விடிகாலையில் மாரடைப்பில் இறந்தார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு என்று டாக்டர்கள் அன்றைக்கே சொன்னார்கள். ஆனால் டிவியில் அவர் ஊசி போட்டுக்கொள்ளும் படமும் இறுதி ஊர்வலமும் மாறி மாறி ஓடின. வார்த்தையாக யாரும் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. படமே சொன்னது. தடுப்பூசிக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக் குழு முடிவு சொன்னபோது அக்டோபர் ஆகிவிட்டது. அந்தச் செய்தி வந்ததே எங்கள் லைனில் யாருக்கும் தெரியாது. சந்தேகம் இரண்டு நாளில் மலை ஏறியது. பதில் ஆறு மாதம் கழித்துக் கிளம்பி, மேட்டுப்பாளையம்கூட வந்து சேரவில்லை.

எங்கள் சித்தப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை. இலை வாட்டும் இடத்துக்குப் போனால் பச்சையும் இனிப்புமாக ஒரு வாசம் நெஞ்சுவரை இறங்கும். சட்டையைத் துவைத்தாலும் போகாது. ஒரு நாள் காலை ஷிப்ட்டில் அவர் கை நிறைய இலையை அள்ளி முகத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். ஒன்றுமில்லை. இன்னொரு அள்ளு. ஒன்றுமில்லை. பக்கத்தில் நின்றவனிடம், "இன்னிக்கு இலை ஏன்டா செத்துக் கெடக்கு?" என்று கேட்டாராம். அவன் ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்து நின்றிருக்கிறான்.

சித்தப்பா வீட்டில் வந்து சொல்லவில்லை. லேசான ஜுரத்தோடு இன்னொரு நாளும் வேலைக்குப் போனார். சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். முதல் வருடம் நோய் வந்த வீடுகளின் வாசலில் தகரம் அடித்து அடைத்ததை டிவியில் எல்லாரும் பார்த்திருந்தோம். நோட்டீஸ் ஒட்டினால் லைனே கூலிக்குப் போக முடியாது. டிவி நோயைப் பற்றி என்ன சொன்னது என்பதை விட, நோயாளியை எப்படிக் காட்டியது என்பதுதான் எங்களிடம் அதிகம் வேலை செய்தது. நோயை மறைத்தவர்களைக் குற்றவாளிபோலக் காட்டக் காட்ட, மறைப்பது கூடியது.

தனி அறையில் இருங்கள், தனிக் கழிவறை பயன்படுத்துங்கள் என்று ஒரு விளம்பரம் வரும். லைன் வீடு என்றால் ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். கழிவறை பல வீட்டுக்கும் பொது. அந்த விளம்பரம் வந்தாலே பிள்ளைகள் சிரிக்கும். சரி, என்ன செய்தோம்? சித்தியும் இன்னும் இரண்டு பேரும் படுத்த பிறகு, லைனில் மூத்த பெண்கள்தான் உட்கார்ந்து பேசினார்கள். கோடியில் காலியாகக் கிடந்த வீட்டைக் கழுவி, ஜுரம் வந்த ஆண்களையெல்லாம் அங்கே போட்டார்கள். பெண்களுக்குப் பெரியம்மாவின் வீடு. அவர் மகன் சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டான். ஒரு கழிவறை அவர்களுக்கென்று ஒதுக்கி, கதவில் சிவப்புத் துணி கட்டினார்கள். கஞ்சியும் ரசமும் முறை போட்டு வந்தன. தூக்குவாளியைத் திண்ணையில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்து நகர வேண்டும். எந்தச் சேனலும் இதைச் சொல்லித்தரவில்லை. அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை கட்டி ஆளை ஒதுக்கிப் பழகியவர்களுக்கு இது புதிதும் இல்லை.

அப்போது உள்ளே வந்தவர் நர்சம்மா. கிராம சுகாதாரச் செவிலியர். ஜீப் வராத இடங்களுக்கு நடந்தே வருபவர். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைக் கொண்டுவந்தார். சித்தி விரலில் மாட்டினால் எண்ணே வரவில்லை, கோடுதான். அடுத்த விரல், அதுவும் கோடு. சுற்றி நின்றவர்களில் ஒருவர், "பாத்தீங்களா, மெஷினே பொய்" என்று ஆரம்பித்துவிட்டார். நர்சம்மா சித்தியின் கையைத் திருப்பிப் பார்த்தார். கொழுந்து பறித்துப் பறித்து நகக்கண்ணிலும் விரல் நுனியிலும் கறுப்பாகக் கறை ஏறிய கை. போதாததற்குக் காலைக் குளிரில் ஐஸாக இருந்தது. சுடுதண்ணி ஊற்றிய டம்ளரைக் கேட்டு வாங்கி, சித்தியின் இரண்டு கையையும் அதைச் சுற்றிப் பிடிக்கவைத்தார். அப்புறம் கறை குறைவாக இருந்த விரலாகப் பார்த்து மாட்டினார். கொஞ்ச நேரம் எண் தாவித் தாவி, 94-ல் நின்றது. விரல் குளிர்ந்துபோனால் ரத்த ஓட்டம் குறைந்து கருவிக்குப் பிடிபடாது, கறையும் சாயமும் ஏமாற்றும், மலை உயரத்தில் கீழே இருப்பதைவிட எண் கொஞ்சம் குறைவாகவும் இருக்கும் என்று விளக்கினார். "சாயங்காலம் மறுபடி வருவேன். இதுக்குக் கீழ போச்சுன்னா வண்டிதான். நான் கூடவே வரேன்."

சாயங்காலம் வந்தார். அது முக்கியம்.

அவரிடம் லைனே கேள்வியாகக் கொட்டியது. ஊசி போட்டால் பிள்ளை பிறக்காதா? விவேக் ஏன் செத்தார்? ஏற்கெனவே காய்ச்சல் வந்தவங்களுக்கு எதற்கு ஊசி? தெரிந்ததற்குப் பதில் சொன்னார். ஒன்றிரண்டுக்கு, "எனக்குத் தெரியலைங்க, டாக்டரக் கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றார். அந்த இரண்டு வருடத்தில் எந்தத் திரையிலும் யாரும் எனக்குத் தெரியவில்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அப்பாயியின் கேள்வி மட்டும் வேறு மாதிரி இருந்தது. "இது குன்னூர்ல செய்யற ஊசியா?" எங்கள் பக்கத்தில் ஊசி என்றால் குன்னூர் பாஸ்டியர் இன்ஸ்டிட்யூட். 1902-ல் வெறிநாய் கடித்த ஓர் ஆங்கிலேயப் பெண், மருந்து இருந்த கசௌலிக்குப் போய்ச் சேர நேரமில்லாமல் இறந்துபோனார். அதற்கப்புறம் நன்கொடை திரட்டி 1907-ல் தொடங்கியது அது. நாய்க்கடி ஊசியும் குழந்தைகளுக்கான முத்தடுப்பூசியும் அங்கே தயாராகிப் போயிருக்கின்றன. 1957-ல் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த கப்பலோடு ஆசியக் காய்ச்சல் இறங்கியபோது, அந்த வைரஸைப் பிரித்தெடுத்ததும் குன்னூரில் இருந்த இன்ஃபுளூயன்சா மையம்தான். இதெல்லாம் அப்பாயிக்குத் தெரியாது. அங்கே வேலை பார்த்தவரின் பெண்டாட்டியைத் தெரியும், நாய் கடித்த என் அப்பா பிழைத்தது தெரியும். நர்சம்மா பொய் சொல்லவில்லை. "இல்ல பாட்டி, இது புனேவுல செய்யறது. நான் போட்டுக்கிட்டேன், என் மாமியாருக்கும் போட்டாச்சு. ரெண்டு நாள் கை வலிச்சது, ஜுரம் அடிச்சது. உங்களுக்கும் அடிக்கும்." ஜுரம் வரும் என்று முன்கூட்டியே சொன்னதுதான் அப்பாயியை அசைத்தது. விற்க வந்தவன் குறையைச் சொல்வானா?

எங்கள் லைனுக்கு மட்டும் நடந்ததில்லை இது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று நீலகிரிப் பழங்குடிகளில் ஊசிக்குப் பயந்து காட்டுக்குள் போய்விட்டவர்களும் இருந்தார்கள். சுகாதாரத் துறைக்காரர்கள் அவரவர் பாஷை பேசுகிறவர்களை வைத்து, வேலை முடிந்து வரும் நேரம் பார்த்துப் போய்ப் பேசினார்கள். 2021 ஜூன் முடிவதற்குள் மாவட்டத்தின் பழங்குடிகளில் 18 வயதைத் தாண்டிய ஏறக்குறைய எல்லாருக்கும் முதல் ஊசி போட்டாகிவிட்டது. கீழே நகரங்களில் அப்போதும் விவாதம் நடந்துகொண்டிருந்தது. அந்தக் கதையைப் படம்பிடிக்க எத்தனை வேன் மலை ஏறியது என்று தெரியாது. டிசம்பர் 8-ல் காட்டேரி பக்கம் விமானப்படை ஹெலிகாப்டர் விழுந்தபோது குன்னூர் ரோட்டில் வேன் நிறுத்த இடமில்லை. சாவுதான் செய்தி, பிழைப்பு செய்தியில்லை போல.

சித்தி பிழைத்தார். சித்தப்பாவுக்கு வாசம் திரும்ப வெகுநாள் ஆனது. திரும்பிய பிறகும் இலை முன்போல் இல்லை, ஏதோ தீய்ந்த நெடி கலந்திருக்கிறது என்கிறார். சின்ன அத்தை இன்னமும் குரல் பதிவு அனுப்புகிறார். 2024-ல் மலப்புரத்தில் நிபா வந்து நாடுகாணி சோதனைச் சாவடியில் ஜுரம் பார்த்தபோது, எந்தப் பழத்தையும் தொடாதீர்கள் என்று ஒரு பதிவு. அப்பா அதற்கு, "யார் சொன்னது, பேரென்ன, ஊரென்ன?" என்று திருப்பிக் கேட்டு அனுப்பினார். அத்தை இரண்டு நாள் கோபமாக இருந்தார்.

நர்சம்மா மாற்றலாகிப் போய்விட்டார். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டத்தில் இப்போது வேறொரு பெண் வீடு தேடி வந்து பிரஷர் பார்க்கிறார், மாத்திரை தருகிறார். நல்ல பெண்தான், மரியாதையாகப் பேசுகிறார். அப்பாயி கையை நீட்டிப் பார்க்கவிடுவார், மாத்திரையை வாங்கி டப்பாவில் போட்டுக்கொள்வார். அந்தப் பெண் படியிறங்கியதும் என்னிடம் போனைக் கொடுத்து, "நர்சம்மாவுக்குப் போட்டு, இந்த வெள்ளை மாத்திரைய முழுங்கலாமான்னு கேளு" என்பார்.